அடுக்கு புக்மார்க்: 3ஆம் நிலை எல்லாம் கடைசி அத்தியாயத்தில் போய்க் குவிகிறது

கேள்வி, ஜூன் 3

பம்ப் கையேடு ஒன்றை பைத்தானில் பிடிஎஃப் ஆக உருவாக்குகிறேன். 3 நிலை புக்மார்க் (பக்கவாட்டில் விரியும் தலைப்புப் பட்டியல்) வேண்டும். மேலே மோட்டார், பம்ப், ஸ்டார்ட்டர் என்று அத்தியாயங்கள். ஒவ்வொன்றின் கீழும் பாதுகாப்பு, பொருத்துதல், பராமரிப்பு. அவற்றின் கீழ் சின்னச் சின்ன உட்பிரிவுகள். முதல் 2 நிலையும் ஒழுங்காக வருகின்றன. 3ஆம் நிலை மட்டும், எந்த அத்தியாயத்துடையதாக இருந்தாலும், கடைசி அத்தியாயத்தின் கீழ் போய்க் குவிகிறது. மற்ற அத்தியாயங்களில் "பாதுகாப்பு" பக்கத்தில் விரிக்கும் அம்புக்குறியே இல்லை. பிடிஎஃப் 2 நிலைக்கு மேல் தாங்காது என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உண்மையா?

ஜூன் 3, இரவு

உண்மையில்லை. 1993இல் அடோபி வெளியிட்ட வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற தரமானது. புக்மார்க் இத்தனை நிலைதான் என்று அதில் வரம்பு கிடையாது. வரம்பு வைப்பவை உருவாக்கும் கருவிகள். எச்டிஎம்எல்லை பிடிஎஃப் ஆக்கும் டபிள்யூகே எச்டிஎம்எல் டு பிடிஎஃப், நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 4 நிலையோடு நிறுத்திக்கொள்ளும். அலுவலக வதந்தி அந்த மாதிரி எங்கிருந்தாவது முளைத்திருக்கும்.

உங்களுக்கு 3ஆம் நிலை காணாமல் போகவில்லையே, இடம் மாறித்தானே வருகிறது? அப்படியானால் வடிவத்தின் மேல் பழி போட முடியாது. கோப்பிலிருந்து புக்மார்க் பட்டியலைப் பிரித்தெடுத்துப் போடுங்கள். பிடிஎஃப்டிகே என்ற கருவி இருந்தால் டம்ப் டேட்டா யூடிஎஃப்8 கட்டளை போதும். ஒவ்வொரு புக்மார்க்குக்கும் தலைப்பு, நிலை, பக்கம் மூன்றும் வரும். மூடூல் என்ற கருவி வைத்திருப்பவர்கள் ஷோ கட்டளையோடு அவுட்லைன் என்று கொடுக்கலாம்.

பார்க்கும் செயலியில் எப்படித் தெரிகிறது என்று மட்டும் படம் பிடித்துப் போடாதீர்கள். செயலிகள் ரொம்ப நல்லவை. பாதி தப்பைத் தாமே மன்னித்துவிடும், எதை மன்னித்தன என்றும் சொல்லாது.

ஜூன் 4

பட்டியல் வந்தது. 60ஆம் பக்கத்தைத் தாண்டிய புக்மார்க்குக்குக் கீழே திடீரென்று 9ஆம் பக்கம், பிறகு 31, பிறகு மறுபடி 62. பக்க எண் பின்னால் போனால் அங்கேதான் கோளாறு. ஆவணத்தின் வரிசையில் எடுத்த தலைப்புகள் எப்போதும் முன்னால்தான் போகும், அல்லது அதே பக்கத்தில் நிற்கும். இந்த ஒரு சோதனையை எல்லோரும் தங்கள் நிரலின் கடைசியில் போட்டு வைக்கலாம்.

இனி ஊகம்: உங்கள் நிரல் புக்மார்க்குகளைத் தலைப்பின் பெயரைச் சாவியாக வைத்து ஓர் அகராதியில் (பெயரைச் சொன்னால் பொருளை எடுத்துத் தரும் சேமிப்பில்) சேமிக்கிறது. முதல் சுற்றில் 1ஆம், 2ஆம் நிலைகளை உருவாக்குகிறீர்கள். பக்க எண் தெரிந்த பிறகு இரண்டாம் சுற்றில் 3ஆம் நிலையை ஒட்டுகிறீர்கள். "பாதுகாப்பு" 3 அத்தியாயத்திலும் இருக்கிறது. அகராதியில் ஒரு பெயருக்கு ஓர் இடம்தான், கடைசியாக வந்தவன் உட்கார்ந்துகொள்வான். இரண்டாம் சுற்றில் யார் "பாதுகாப்பு எங்கே" என்று கேட்டாலும் ஸ்டார்ட்டர் அத்தியாயத்துப் பாதுகாப்பைக் கைகாட்டும்.

சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஜூன் 4, சற்றுப் பிறகு

அதேதான் என்கிறார் கேள்வி கேட்டவர். சாவியை "மோட்டார்/பாதுகாப்பு" என்று பாதையாக மாற்றியதும் சரியாகிவிட்டதாம்.

பாதை வேண்டாம் என்பேன். ஒரே அத்தியாயத்தில் "குறிப்பு" என்று 2 உட்பிரிவு வந்தால் மறுபடி இதே கதை. தலைப்பு என்பது வாசகருக்கு, நிரலுக்கு அல்ல. நாளைக்கு மெய்ப்புப் பார்ப்பவர் ஒரு சந்தி எழுத்தைச் சேர்த்தால் உங்கள் சாவி உடையும். தமிழில் இன்னொரு வம்பும் உண்டு. "கொ" என்பதன் உயிர்க்குறியை ஒரே யூனிகோடு எழுத்தாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் இரண்டும் வேறு வேறு. ஒருவர் தட்டச்சு செய்த "பொருத்துதல்" இன்னொருவர் ஒட்டியதோடு பொருந்தாமல் போவது இப்படித்தான். யூனிகோடு இயல்பாக்கம் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், இது தீரும். ஆனால் "ஒள" என்று ஒ-வையும் ள-வையும் போட்டு ஔவையார் எழுதுபவரை எந்த இயல்பாக்கமும் காப்பாற்றாது.

ஓடும் எண்ணை மட்டும் சாவியாக வையுங்கள். 1, 2, 3.

ஜூன் 6

தனியாகக் கேட்டவர்களுக்காக, உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை விரிவாக.

பிடிஎஃப் கோப்புக்குள் "மரம்" என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு புக்மார்க்கும் தனிப் பொருள். அதற்குத் தன் நெருங்கிய சொந்தங்களை மட்டும்தான் தெரியும். பேரன்ட் என்றால் அப்பா. ஃபர்ஸ்ட் தலைச்சன், லாஸ்ட் கடைக்குட்டி. ப்ரீவ் அண்ணன், நெக்ஸ்ட் தம்பி. நடுப்பிள்ளைகளை அப்பாவுக்கு நேரடியாகத் தெரியாது. தலைச்சனைப் பிடித்து, அவன் தம்பியைக் கேட்டு, அந்தத் தம்பியின் தம்பியைக் கேட்டு என்று போய்த்தான் கணக்கெடுக்க வேண்டும். தலைச்சனுக்கு அண்ணன் இருக்கக் கூடாது, கடைக்குட்டிக்குத் தம்பி இருக்கக் கூடாது.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி நோய்க்குப் பெயர் வைத்துவிடலாம். ஓர் உட்பிரிவுக்குப் பிறகு வரவேண்டியவை எல்லாம் காணோமா? யாரோ ஒருவனின் நெக்ஸ்ட் அறுந்திருக்கிறது. ஒரு செயலியில் முழுப்பட்டியல் வருகிறது, இன்னொன்றில் வரவில்லையா? ஒன்று நெக்ஸ்ட்டைப் பிடித்துக்கொண்டே போகிறது, மற்றது ப்ரீவையும் லாஸ்ட்டையும் சரிபார்த்துவிட்டுக் கோபித்துக்கொள்கிறது. பட்டியல் முடியாமல் சுழல்கிறதா? ஒரே பொருளை 2 அப்பாவுக்குப் பிள்ளையாகக் கொடுத்திருக்கிறீர்கள். தம்பி என்று போனால் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்து திரும்பி வருகிறது.

கையால் ஒரு புக்மார்க்கை நீக்குபவர்கள் மறப்பது லாஸ்ட்டை. கடைக்குட்டியை நீக்கினால் அப்பாவிடமும் சொல்ல வேண்டும்.

நேரில் பார்க்க விரும்பினால், க்யூபிடிஎஃப் கருவியின் க்யூடிஎஃப் தேர்வைப் பயன்படுத்திக் கோப்பைச் சுருக்கம் பிரித்த வடிவில் எழுதுங்கள். பொருள்கள் ஒரே ஓடையில் அடைபட்டிருந்தால் அதையும் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு சாதாரண உரைத் திருத்தியில் திறந்து அவுட்லைன்ஸ் என்று தேடினால் குடும்ப அட்டை முழுதும் கண்ணுக்கு முன்னால்.

ஜூன் 7

புக்மார்க்கில் இருக்கும் கவுன்ட் என்ற எண்ணை விட்டுவிட்டேனே என்று ஒருவர் இடித்துரைத்தார். வேண்டுமென்றேதான் விட்டேன், தனிக் குறிப்பு தேவைப்படும் சனியன் அது.

கவுன்ட் என்பது நேரடிப் பிள்ளைகளின் எண்ணிக்கை இல்லை. திறந்த நிலையில் கண்ணுக்குத் தெரியும் வம்சம் மொத்தமும். ஓர் அத்தியாயம், அதன் கீழ் 3 பிரிவு, முதல் பிரிவின் கீழ் 2 உட்பிரிவு என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் விரிந்திருந்தால் முதல் பிரிவின் கவுன்ட் 2, அத்தியாயத்தின் கவுன்ட் 5. முதல் பிரிவை மூடிக் கொடுக்க வேண்டுமென்றால் அதற்கு −2, அத்தியாயத்துக்கு 3. அதாவது மூடிய பிரிவுக்குள் இருக்கும் 2 பேரும் மேலே கணக்கில் வரமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர்ப்பொருளுக்கு மட்டும் எதிர்மறை எண் வரக்கூடாது.

பிள்ளை இருந்தும் கவுன்ட் இல்லாமல் எழுதினால் சில செயலிகள் அம்புக்குறி போடாது. சில கண்டுகொள்ளவே கொள்ளாது. "என் கணினியில் சரியாகத்தானே தெரிகிறது" சண்டைகளில் பெரும்பங்கு இங்கிருந்து வருகிறது.

நூலகம் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்) பயன்படுத்துபவர் இதைத் தொட வேண்டியதில்லை, அது தானே கணக்கிடும். கையால் எழுதும் நிரலில், மரத்தை முழுதும் கட்டி முடித்தபின் கீழிருந்து மேலாக ஒரே நடையில் கணக்கிடுங்கள். சேர்க்கச் சேர்க்கக் கூட்டிக்கொண்டே போகிறேன் என்று கிளம்பினால், நடுவில் ஒன்றை மூடியதும் கணக்கு நாறிவிடும்.

ஜூன் 10

அப்பா இல்லாத பேரன்.

1ஆம் நிலைத் தலைப்புக்கு அடுத்து நேராக 3ஆம் நிலை. எழுதுபவர் "இந்த எழுத்தளவு அழகாக இருக்கிறது" என்று வேர்டில் தலைப்பு 3ஐத் தட்டியிருப்பார். இதற்கு ஒவ்வொரு கருவியின் சுபாவமும் வேறு. ரிப்போர்ட்லேப் என்ற பைத்தான் நூலகம் ஒரு நிலையைத் தாண்டிக் குதித்தால் பிழை காட்டி நின்றுவிடும். பைமியூபிடிஎஃப் என்ற நூலகமும் அப்படித்தான், முதல் வரி 1ஆம் நிலையில் தொடங்காவிட்டாலும் ஏற்காது. லாடெக் என்ற அச்சுக்கோப்பு முறையின் ஹைபர்ரெஃப் தொகுப்பு எச்சரித்துவிட்டு நிலையைத் தானே திருத்திக்கொள்ளும், அந்த எச்சரிக்கையை யாரும் படிக்கப் போவதில்லை.

எனக்கு நின்றுவிடும் கருவிதான் பிடிக்கும். ஆனால் இரவில் தானாக ஓடி, காலையில் அச்சுக்குப் போக வேண்டிய கோப்பு என்றால் நிற்கவும் விடமுடியாது. அதற்கு அடுக்கு முறை: தலைப்புகளை நிலை, தலைப்பு, பக்கம் என்று தட்டையான பட்டியலாக வரிசையில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். எல்லாப் பக்கமும் முடிந்த பிறகு பட்டியலை ஒருமுறை நடந்து வாருங்கள். கையில் ஓர் அடுக்கு (மேலே வைத்து, மேலிருந்தே எடுக்கும் குவியல்). புதுத் தலைப்பு வந்தால், அடுக்கின் மேலே அதே நிலையிலோ அதைவிட ஆழமான நிலையிலோ இருப்பவற்றை எல்லாம் எடுத்து வீசுங்கள். மிச்சமிருக்கும் மேலாள் அப்பா. புதியதை அடுக்கின் மேல் வையுங்கள். அவ்வளவுதான். 1இலிருந்து 3க்குக் குதித்தாலும் 3 போய் 1இன் நேரடிப் பிள்ளையாக உட்காரும், யாரும் அனாதை ஆகமாட்டார்கள்.

ஜூன் 3ஆம் தேதிக் கேள்விக்கும் இதுதான் நிரந்தர மருந்து. பெயரை வைத்துத் தேடும் வேலையே இல்லை.

ஜூன் 10, மறந்த ஒன்று

ரிப்போர்ட்லேப்பில் நிலை 0இலிருந்து தொடங்கும், பைமியூபிடிஎஃப்பில் 1இலிருந்து. பக்க எண் பைபிடிஎஃப் என்ற இன்னொரு நூலகத்தில் 0இலிருந்து, பைமியூபிடிஎஃப்பில் 1இலிருந்து. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிரலை மாற்றுபவர்கள் எல்லா புக்மார்க்கும் ஒரு பக்கம் தள்ளிப் போகிறது என்று வந்து நிற்பார்கள். இந்தப் பத்தியைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

ஜூன் 15

கையேடு தமிழில் முடிந்தது, இனி மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்தி என்கிறார் கேள்வி கேட்டவர். கோவைப் பம்ப் எங்கெங்கே போகிறதோ அங்கெல்லாம் கையேடும் போக வேண்டுமே. ஆனால் இந்த முறை பைத்தான் இல்லையாம். அலுவலகத்தில் யாரோ எப்போதோ எழுதிய பழைய நிரல், பிடிஎஃப்பை பைட் பைட்டாகத் தானே எழுதுகிறது. தமிழில் "அ) மின் இணைப்பு" என்ற தலைப்பு வந்தால் கோப்பு சேதம் என்றதாம், அதைத் திருத்திவிட்டார்கள். அதன் பிறகும் மலையாளத்தில் புக்மார்க் எல்லாம் பஞ்சாபி எழுத்தில் வருகிறது.

பஞ்சாபியா என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன். அப்புறம் உட்கார்ந்து பார்த்தால், அப்படித்தான் வர வேண்டும்.

ஜூன் 16

முதலில் தமிழ். பிடிஎஃப்பில் தலைப்புச் சரத்தை எழுத 2 வழி. பிறை அடைப்புக்குள் பைட்டுகளை (0 முதல் 255 வரையான எண்களை) நேரடியாக எழுதலாம். அல்லது கோண அடைப்புக்குள் பதினாறடிமான இலக்கங்களாக (0 முதல் 9, ஏ முதல் எஃப்) எழுதலாம். பிறை அடைப்பில் எழுதினால், உள்ளே வரும் பிறை அடைப்புக்கு முன்னால் தப்பிக்கும் குறியாகப் பின்சாய்கோடு போட வேண்டும். ஜோடியாக வந்தால் மன்னிப்பு உண்டு. "(அ) மின் இணைப்பு" பிழைத்துவிடும். "அ) மின் இணைப்பு" என்றால் அந்த ஒற்றை அடைப்பே சரத்தை முடித்துவிடும், மிச்சத் தலைப்பு நடுத்தெருவில் நிற்கும். நம் ஊர் அலுவலகக் கடிதங்களில் அ), ஆ), இ) போடாத ஆள் யார்?

ஒற்றை அடைப்புக்குப் பின்சாய்கோடு போடும்படி நிரலைத் திருத்தினார்கள். தமிழ் சரியாகிவிட்டது. மலையாளம் பஞ்சாபியில் வந்து நின்றது.

லத்தீனுக்கு வெளியே உள்ள தலைப்புகளை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில், தொடக்கத்தில் 254, 255 என்ற 2 பைட்டை வைத்து எழுதுவது வழக்கம். ஒவ்வோர் எழுத்தும் 2 பைட். தமிழுக்கு முதல் பைட் 11, இரண்டாவது 128க்கு மேல். இந்திக்கு முதல் பைட் 9. தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் 12. மலையாளத்துக்கு 13.

13தான் வில்லன். கணினிக்கு 13 என்பது வரிமுடிவுக் குறி. பிறை அடைப்புச் சரத்துக்குள் தப்பிக்கும் குறி இல்லாமல் 13 வந்தால் அதை 10 என்று படி என்கிறது பிடிஎஃப் விதி. முதல் பைட் 10 யாருடையது? பஞ்சாபியின் குர்முகி எழுத்துக்கு உரியது. இந்திய மொழிகளின் யூனிகோடு பகுதிகள் இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தின் வரிசையைப் பின்பற்றி அமைந்தவை. அதனால் மலையாளக் க இருக்கும் அதே இருக்கையில் குர்முகியிலும் க. கோப்பு மொழி மாறிவிடுகிறது, உச்சரிப்பு மாறுவதில்லை. லூதியானா வாடிக்கையாளர் ஒருவர் மலையாளத் தலைப்புகளை வாசித்துக் காட்டிவிடலாம், பொருள் மட்டும் புரியாது. ழ வந்தால் அவரும் நின்றுவிடுவார், குர்முகியில் அந்த இருக்கை காலி, வெறும் கட்டம்தான் தெரியும்.

ஜூன் 16, இரவு

இதைவிட நல்லது ஒன்று கிடைத்தது. மலையாளக் கையேட்டின் விற்பனையாளர் பட்டியலில் ஊர்ப்பெயர்கள் புக்மார்க்காக இருக்கின்றன. எல்லா ஊரும் பஞ்சாபி, ஊட்டி மட்டும் அலங்கோலம்.

மலையாள ஊ-வின் 2 பைட்டும் 13, 10. இந்த ஜோடி சேர்ந்தே ஒரு வரிமுடிவு, இரண்டையும் சேர்த்து ஒரே 10 ஆகப் படிக்கச் சொல்கிறது விதி. ஒரு பைட் தொலைந்தது. அதோடு மிச்ச எழுத்தெல்லாம் ஒரு பைட் நகர்ந்து தப்புத் தப்பாக ஜோடி சேர்கிறது. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: குர்முகி ஊ, அப்புறம் ஒரு கிரேக்க எழுத்து, ஒரு சீன எழுத்து, மறுபடி அதே கிரேக்கம், கடைசியில் துணையில்லாமல் ஒற்றை பைட். மலை ரயில் ஏறி இவ்வளவு நாடு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜூன் 17

"அப்படியானால் தமிழ் எப்படித் தப்பியது?" நல்ல கேள்வி.

முதல் பைட் 11 வரிமுடிவு இல்லை. இரண்டாவது பைட் 128க்குக் கீழே வருவதே இல்லை. ஆகவே 40, 41, 92 என்ற ஆபத்தான மூன்றும் (2 பிறை அடைப்பு, பின்சாய்கோடு) தமிழ் எழுத்துக்குள் ஒளிந்து வர வழியில்லை. கன்னடத்துக்கும் வங்காளத்துக்கும் இதே அதிர்ஷ்டம். அவற்றுக்கும் இரண்டாவது பைட் 128க்கு மேல்தான். 128க்குக் கீழே இருக்கும் இந்தி, தெலுங்கு, மலையாளம் மூன்றிலும் ந-வின் இரண்டாவது பைட் 40. அதாவது திறக்கும் பிறை அடைப்பு. தப்பிக்கும் குறி போடாத நிரலில் ந வந்த இடமெல்லாம் ஓர் அடைப்பு திறக்கும், மூட ஆள் இல்லை. அந்தப் பழைய நிரல் தமிழ் அ)-வுக்காகத் திருத்தப்படாமல் இருந்திருந்தால், மலையாளக் கோப்பு பஞ்சாபி வரைக்கும்கூட வந்திருக்காது.

சிங்களத்துக்கும் முதல் பைட் 13. இலங்கையில் மும்மொழி ஆவணம் செய்பவர்கள் தமிழ்த் தலைப்பு நன்றாக வருகிறதே என்று விட்டுவிடக் கூடாது. சிங்களம் போய்ச் சேரும் இடம் குஜராத்தி. அங்கே வரிசையும் வேறு என்பதால் உச்சரிப்பும் தேறாது, க போட்டால் ச வரும்.

தீர்வு ஒரே வரி: பிறை அடைப்பை விட்டுவிட்டுக் கோண அடைப்புக்குள் பதினாறடிமானமாக எழுதுங்கள். எதற்கும் தப்பிக்கும் குறி வேண்டாம். தலைப்பின் நீளம் இரட்டிப்பாகும், ஆகட்டும்.

ஜூன் 18

யூடிஎஃப்-16க்குப் பதில் யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையைப் போடலாமே என்று கேட்டவருக்கு: 2017இல் வந்த பிடிஎஃப் 2.0 அனுமதிக்கிறது, தொடக்கத்தில் 239, 187, 191 வைக்க வேண்டும். பழைய செயலிகளுக்கு அது தெரியாது. தொடக்கக் குறியே இல்லாமல் யூடிஎஃப்-8ஐக் கொட்டினால் தமிழ்த் தலைப்பு முழுதும் வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவு வணிகமுத்திரையாக வரிசை கட்டும். அதைப் பார்த்தால் நோய் எதுவென்று யோசிக்கவே வேண்டாம்.

ஜூன் 24

எழுத்துக் குழப்பம் என்று சொன்னதும் இன்னொருவர் படம் அனுப்பினார். பக்கத்தில் தமிழ் அழகாக இருக்கிறது, புக்மார்க்கில் "தமிழ்" இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. இது நிரலின் குற்றமில்லை. மூலம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. உண்மையில் அங்கே இருப்பது ஆங்கில எழுத்துகள், எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. புக்மார்க் பட்டியோ கணினியின் சொந்த எழுத்துருவில்தான் வரும், உங்கள் கோப்பில் பொதிந்த எழுத்துருவை அது தொடாது. யூனிகோடுக்கு மாற்றாமல் வழியில்லை.

முடிந்த பிடிஎஃப்பிலிருந்து தலைப்பைப் பிய்த்தெடுத்துப் புக்மார்க் ஆக்கும் கருவிகளையும் தமிழுக்கு நான் நம்புவதில்லை. "கெ" எழுதியிருந்தால் கொம்பு முன்னால், க பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பிய்த்துக் கொடுப்பவை அதிகம். தலைப்பு மூலத்திலிருந்துதான் வர வேண்டும்.

ஜூலை 2

புக்மார்க்கைச் சொடுக்கினால் சரியான பக்கம், தப்பான உயரம். அத்தியாயத் தலைப்பு என்றால் பக்கத்தின் அடி. அடியில் உள்ள உட்பிரிவு என்றால் உச்சி.

பிடிஎஃப்பில் உயரம் கீழ் இடது மூலையிலிருந்து மேலே அளக்கப்படுகிறது. ஏ4 பக்கம் 595க்கு 842 புள்ளி. உங்கள் பக்க அமைப்பு நிரல் மேலிருந்து கீழே அளந்திருந்தால் 842இலிருந்து கழிக்க வேண்டும். கழித்தபின் எழுத்தின் உயரத்தையும் கொஞ்சம் இடைவெளியையும் கூட்டுங்கள். இல்லையென்றால் தலைப்பு திரைக்கு மேலே ஒளிந்துகொண்டு, அடுத்த பத்திதான் தெரியும்.

உருப்பெருக்கத்தைச் சுழியமாக விடுங்கள், வாசகர் வைத்திருந்த அளவு அப்படியே நிற்கும். ஒவ்வொரு சொடுக்குக்கும் பக்கத்தை முழுத்திரைக்குச் சுருக்கும் கையேடுகளை எழுதியவர்கள், அதைக் கைப்பேசியில் ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார்களா?

ஜூலை 9

தனித்தனியாக உருவாக்கிய அத்தியாயங்களை ஒட்டியதும் எல்லா அத்தியாயத்துப் "பிரிவு 1"உம் முதல் அத்தியாயத்துக்கே ஓடுகிறது என்று வந்த கேள்வி. இது ஜூன் 4இன் சித்தப்பா மகன். புக்மார்க் பக்கத்தை நேரடியாகக் காட்டாமல் பெயரிட்ட இலக்கை, அதாவது போக வேண்டிய இடத்துக்கு வைத்த பெயரை, காட்டுகிறது. லாடெக் ஒவ்வொரு கோப்பிலும் அதே பெயர்களைத்தான் வைக்கும். ஒட்டும்போது பெயர்கள் மோதுகின்றன. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு கோப்பின் இலக்குப் பெயருக்கும் முன்னொட்டு வையுங்கள், அல்லது பெயரை நேரடி இலக்காக மாற்றிவிடுங்கள். புக்மார்க் அடுக்கை மட்டும் பார்த்தால், பைபிடிஎஃப்பில் ஒவ்வொரு கோப்பையும் சேர்க்கும்போதே அதற்கு ஒரு மேல் புக்மார்க் தரலாம், அந்தக் கோப்பின் பழைய புக்மார்க்குகள் அதன் கீழ் போய் உட்காரும்.

பெயரிட்ட இலக்குகளில் இன்னொரு பொறி: பெயர்ப் பட்டியல் பைட் வரிசையில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும், செயலி பாதிப் பாதியாகப் பிளந்து தேடலாம் என்பதற்காக. வரிசை குலைந்தால் சில இணைப்பு வேலை செய்யும், சில செய்யாது, புதிதாக ஒன்று சேர்த்தால் பழையது ஒன்று செத்துப்போகும். தமிழ்ப் பற்றில் அகராதி வரிசைக்கு அடுக்கிவிடாதீர்கள். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்தே நிற்கிறது. அகராதியில் அது கடைசி மெய்.

ஜூலை 11

வெளியே நிரப்பினால் உள்ளே இருந்தது காணாமல் போகிறதே என்று, வேர்ட் கோப்பில் புக்மார்க்குக்குள் புக்மார்க் வைத்து நிரப்புபவர் கேட்டது. அது வேறு சாதி. வேர்டின் புக்மார்க் என்பது உரையின் ஒரு துண்டுக்குப் பெயர், அடுக்கு மரம் இல்லை. பெயர் 40 எழுத்துக்குள், இடைவெளி கூடாது. தொடக்கமும் முடிவும் தனித்தனி வெற்று உறுப்புகள், எண்ணை வைத்து ஜோடி சேர்வதால் ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டிக்கொண்டும் இருக்கலாம். வெளியே இருக்கும் துண்டின் உரையை மொத்தமாக மாற்றினால் உள்ளே இருந்தது அழியும். வெளியேயுள்ளதைத் தொடாமல் உள்ளே இருப்பதை மட்டும் நிரப்புங்கள். அதையும் நிரப்பியபின் அதே பெயரில் மறுபடி புக்மார்க் போட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 1

கையேடு 5 மொழியிலும் முடிந்ததாம். ஒரே புகார்: விற்பனையாளர் பட்டியல் ஊர்கள் எல்லாம் விரிந்து கிடக்க, பட்டியைத் திறந்ததும் பராமரிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் மூடிக் கொடு என்கிறார் மேலாளர்.

மூடிய புக்மார்க்கே நல்லது என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது அவ்வளவு உறுதி இல்லை. பழுது பார்க்க வந்தவர் கிணற்று மேட்டில் கைப்பேசியோடு நிற்கிறார், ஒவ்வோர் அம்பாகத் தட்டிக்கொண்டிருக்க அவருக்கு ஒரு கைதான் இருக்கிறது. பராமரிப்பு, பாதுகாப்பு இரண்டும் திறந்தே இருக்கட்டும், ஊர்ப்பட்டியலை மட்டும் மூடலாம். பைபிடிஎஃப்பில் ஒவ்வொரு புக்மார்க்குக்கும் திறந்ததா மூடியதா என்று தனியாகச் சொல்லலாம், ரிப்போர்ட்லேப்பிலும் உண்டு. பைமியூபிடிஎஃப் இயல்பாகவே 1ஆம் நிலையை மட்டும் காட்டிவிட்டு மற்றதை மூடிவிடும், அதை அமைப்பில் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் பட்டியே திறக்கவில்லை என்றால் கோப்புக்குள் பேஜ்மோட் என்ற இடத்தில் யூஸ் அவுட்லைன்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள்.